முள் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது? மாற்றியமைத்த பழைய கார்களின் ஃப்யூயல் மீட்டர் பற்றிச் சில குறிப்புகள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் டேஷ்போர்டில் இருக்கும் பெட்ரோல் மீட்டரைக் காட்டி "இது வேலை செய்யுதா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். "அது சும்மா அழகுக்கு சார். கிலோமீட்டர் கணக்கு வச்சுத்தான் ஓட்டறேன்" என்பார்கள். சிலர் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள். இன்ஜினையே மாற்றியமைத்த வண்டிகளில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம்.

ஆச்சரியம் என்னவென்றால், ஒரு காரில் இருக்கும் மின்சுற்றுகளிலேயே மிக எளிமையானவற்றில் இதுவும் ஒன்று. டேங்குக்குள் ஒரு மின்தடை, டேஷ்போர்டில் ஒரு முள், நடுவில் ஒரு ஒயர். அவ்வளவுதான். அப்புறம் ஏன் மூன்று பட்டறைக்குப் போயும் சரியாவதில்லை? எனக்குத் தெரிந்த பதில் இது: எல்லோரும் "எந்தப் பாகம் கெட்டுப்போச்சு?" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. முள் எந்தப் பக்கம் பொய் சொல்கிறது, ஃபுல்லில் இருந்து காலி வரை அந்தப் பொய் எப்படி மாறுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

புதுச்சேரியில் ஒரு அம்பாசிடர்

ஒரு உதாரணத்தோடு போவோம். புதுச்சேரியில் என் நண்பரிடம் 1970களின் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா வாங்கியது. பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் மாட்டி, ஆர்.சி. புத்தகத்திலும் முறைப்படி மாற்றிய வண்டி. துருப்பிடித்த பழைய டேங்குக்குப் பதிலாக 50 லிட்டருக்கு ஒரு புது டேங்க் செய்து போட்டிருந்தார்கள். டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் மட்டும் அப்பா காலத்துப் பழைய மீட்டர்.

அம்பாசிடருக்கு இப்படி மாற்றுவது ஒன்றும் புதிதில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3ஐ அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் வந்த வண்டி, 2014ல் உத்தரபாரா தொழிற்சாலை வேலையை நிறுத்தும் வரை கிட்டத்தட்ட அதே உடம்போடு இருந்தது. இடையில் கம்பெனியே 1489 சி.சி. பெட்ரோல், டீசல், பிறகு இசுசு இன்ஜின்கள் என்று இதயத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தது. வெளியே பட்டறைகளில் மாடடார் வேனின் டீசல் இன்ஜினை மாட்டிய அம்பாசிடர்களும் நம் பக்கம் ஓடியிருக்கின்றன. உடம்பு ஒன்றுதான் என்பதால் பாகங்களும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது சுலபம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதுச்சேரியில் டீசல், பெட்ரோல் விலை தமிழ்நாட்டை விடக் குறைவு. அதனால் வெளியூர் கிளம்பினால் இங்கேயே ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு கிளம்புவது ஊர்ப் பழக்கம். நண்பரும் அப்படித்தான். ஃபுல் போட்டால் முள் 'எஃப்' மீது போய் உட்காரும். வெகுதூரம் அசையவே அசையாது. பிறகு திடீரென்று மடமடவென இறங்கும். கால் டேங்குக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். அதற்கப்புறம் இறங்காது. வண்டிதான் நிற்கும்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகத் திரும்பும்போது மரக்காணத்துக்கு முன்னால் இரவு பதினொரு மணிக்கு நின்றது. பின்சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. பெட்ரோல் வண்டியாக இருந்தால் கேனில் ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்பலாம். டீசல் வண்டி வறண்டு நின்றால் பைப்பில் காற்று புகுந்துவிடும். ஊற்றின பிறகும், கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதனால் இந்த முள்ளின் பொய் அழகுப் பிரச்சினை இல்லை. நடுராத்திரிப் பிரச்சினை.

பட்டறைகள் சொன்ன பதில்கள்: "மீட்டர் போச்சு", "ஃப்ளோட் போச்சு", "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணே இருக்கும்". கடைசியாக ஒருவர் டேஷ்போர்டை அறுத்து டிஜிட்டல் மீட்டர் வைத்துவிடலாம் என்றார். நண்பருக்கு மனசு வரவில்லை. அந்த வட்டமான மீட்டர் அப்பா பார்த்து ஓட்டிய மீட்டர்.

உள்ளே என்ன நடக்கிறது

டேங்குக்குள் ஒரு கம்பி, அதன் நுனியில் மிதவை. எரிபொருள் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு தொடுமுனை, சுற்றிய மின்தடைக் கம்பியின் மீது நகரும். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதவையின் உயரம் இப்படி ஓம் கணக்காக மாறுகிறது. இந்த முழு அமைப்பைத்தான் டேங்க் யூனிட் என்கிறோம். பட்டறையில் சுருக்கமாக 'ஃப்ளோட்'.

டேஷ்போர்டில் இருக்கும் மீட்டருக்கு லிட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓம் மட்டும்தான். "இத்தனை ஓம் வந்தால் காலி, இத்தனை ஓம் வந்தால் ஃபுல்" என்று ஒரு ஒப்பந்தம். மென்பொருள் ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: இது இரண்டு நிரல்களுக்கு நடுவே இருக்கும் ஏபிஐ. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சரியாகவே ஓடலாம். ஆனால் ஒன்று பழைய வெர்ஷன், இன்னொன்று வேறு கம்பெனி வெர்ஷன் என்றால் பதில் தப்பாகத்தான் வரும். இரண்டு பாகமும் "நான் சரியாத்தான் இருக்கேன்" என்று சொல்லும். உண்மையும் அதுதான்.

உலகத்தில் இந்த ஒப்பந்தம் ஒன்றல்ல, பல. தோராயமான அளவுகள் இவை:

- பழைய பிரிட்டிஷ் வண்டிகளில், இரண்டு சுருள் வைத்த மீட்டர்: காலி 0 ஓம், ஃபுல் 70 ஓம் அளவில்.
- 1960களுக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில், சூட்டில் இயங்கும் மீட்டர்: காலி 250 ஓம் அளவில், ஃபுல் 20 முதல் 30 ஓம்.
- ஜெர்மனியின் விடிஓ வகை: காலி 10 ஓம், ஃபுல் 180 ஓம்.
- அமெரிக்காவில் தனியாக விற்கும் மீட்டர்கள்: காலி 240 ஓம், ஃபுல் 33 ஓம்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது எண்களை விடத் திசை. சிலவற்றில் ஓம் ஏறினால் ஃபுல். சிலவற்றில் ஓம் ஏறினால் காலி. மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

இரண்டு குடும்பம்

முதல் குடும்பம், இரண்டு சுருள் மீட்டர். முள்ளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மின்காந்தச் சுருள். ஒன்று முள்ளைக் காலிப் பக்கம் இழுக்கும், மற்றது ஃபுல் பக்கம். டேங்க் யூனிட், இந்த ஃபுல் பக்கச் சுருளுக்கு ஒரு வடிகால் மாதிரி. யூனிட் 0 ஓமில் இருந்தால் மின்சாரம் எல்லாம் வடிகால் வழியே எர்த்துக்குப் போய்விடும். ஃபுல் சுருளுக்கு ஒன்றும் மிஞ்சாது, முள் காலிக்குச் சாயும். ஓம் ஏற ஏற வடிகால் அடைபடும். ஃபுல் சுருளுக்கு மின்சாரம் கிடைத்து முள் ஏறும். பேட்டரி வோல்ட் கூடினால் இரண்டு சுருளுக்கும் சேர்ந்தே கூடும் என்பதால் முள் பெரிதாக அசையாது. சாவி போட்டவுடன் முள் சட்டென்று எழுந்து, பள்ளத்தில் வண்டி குலுங்கினால் ஆடினால், அது இந்தக் குடும்பம்.

இரண்டாவது, சூட்டு மீட்டர். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி ஒரு கம்பி. மின்சாரம் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சூடாக நேரம் ஆகும் என்பதால் சாவி போட்டதும் முள் மெதுவாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறும். குலுங்கினாலும் ஆடாது. இதன் பலவீனம் வோல்ட். சூடு வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 10 வோல்ட்டுக்குச் செய்த மீட்டருக்கு, ஓடும் வண்டியின் 14 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சூடு 1.96 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால்தான் இந்த வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி சைஸில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வது அதன் வேலை. இன்ஜின் சூடு காட்டும் மீட்டருக்கும் அதே ஸ்டெபிலைசரிலிருந்துதான் மின்சாரம். ஆகவே ஃப்யூயல் மீட்டரும் சூடு மீட்டரும் சேர்ந்தாற்போல் அதிகமாகக் காட்டினால் டேங்க் பக்கம் போகாதீர்கள். ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

ஒரே துரு, இரண்டு பொய்

கடலோர ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு எர்த் பிரச்சினை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்று போல்ட்டையும் பாடியையும் சேரும் இடத்தில் அரித்து, நடுவில் துருவை வைத்துவிடும். டேங்க் யூனிட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் டேங்கின் உடம்பு வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. புது டேங்க் செய்யும்போது நன்றாகப் பெயின்ட் அடித்து, ரப்பர் பட்டை வைத்து மாட்டுவார்கள். டேங்குக்கு நல்லது. எர்த்துக்குக் கெட்டது.

இந்த எர்த் கோளாறு சில ஓம்களைக் கூடுதலாகச் சேர்க்கிறது. சேர்ந்தால் என்ன ஆகும்?

0–70 மீட்டரில் ஓம் கூடினால் முள் ஏறும். இல்லாத டீசலை இருப்பதாகக் காட்டும். அதுவும் டேங்க் காலியாகும் நேரத்தில்தான் பொய் பெரிதாகத் தெரியும். 70 ஓமோடு 5 சேர்ந்தால் முள் 'எஃப்'ஐச் சற்றுத் தாண்டும், யாருக்கும் நஷ்டமில்லை. 0 ஓமோடு 5 சேர்ந்தால் காலி டேங்க் காலியாகத் தெரியாது.

250–25 மீட்டரில் அதே துரு முள்ளை இறக்கும். இருக்கும் பெட்ரோலைக் குறைத்துக் காட்டும். அதுவும் ஃபுல் பக்கத்தில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் 25ல் 5 என்பது பெரிய பங்கு, 250ல் 5 ஒன்றுமே இல்லை. "எவ்வளவு போட்டாலும் ஃபுல் காட்ட மாட்டேங்குது" என்பது இந்தக் குடும்பத்தின் புகார்.

ஒரே துரு ஒரு வண்டியில் நம்பிக்கை ஊட்டும் பொய், இன்னொன்றில் பயமுறுத்தும் பொய். பயமுறுத்தும் பொய்யால் பங்கில் இரண்டு தடவை கூடுதலாக நிற்போம். நம்பிக்கை ஊட்டும் பொய்யால் மரக்காணத்தில் நிற்போம்.

ஐந்து நிமிடச் சோதனை

டேங்க் யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். சாவியைப் போடுங்கள். பிறகு அந்த ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொடுங்கள். டேங்க் பக்கத்தில் பொறி வரக்கூடாது என்பதால் இதை டேஷ்போர்டு பக்கத்து இணைப்பில் செய்வது நல்லது.

- இரண்டு சுருள் மீட்டர் என்றால்: கழற்றினால் ஃபுல், எர்த்தில் தொட்டால் காலி.
- சூட்டு மீட்டர் என்றால்: கழற்றினால் காலி, எர்த்தில் தொட்டால் ஃபுல் பக்கம் ஏற ஆரம்பிக்கும். ஏற ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் கருகும்.

இப்படி நடந்தால் மீட்டரும் மீட்டருக்குப் போகும் மின்சாரமும் உயிரோடு இருக்கின்றன. மீட்டர் எந்தக் குடும்பம் என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்தது எர்த். ஒயரை மாட்டி, சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டின் உலோக உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. கடைசியாக, ஒயரைக் கழற்றிவிட்டு யூனிட்டின் ஓமை அளந்து, மிதவையின் இரண்டு எல்லைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றாகத் தொட்டு அது காட்டும் ஓமைக் கழித்துவிடுங்கள். இந்த அளவில் அரை ஓம்கூட முக்கியம்.

நண்பரின் வண்டியில் கிடைத்தது: மீட்டர் இரண்டு சுருள் வகை, நன்றாக இருக்கிறது. டேங்க் யூனிட் காலியில் 12 ஓம், ஃபுல்லில் 178 ஓம், அதுவும் நன்றாக இருக்கிறது. எர்த்தில் 3 ஓம் கூடுதல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மீட்டரின் அளவுகோல் சமச்சீர் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 70 ஓம் வந்தாலே ஃபுல். எர்த்தின் 3 போக யூனிட்டில் 67 ஓம் இருக்கும்போதே அது வந்துவிடும். 12 முதல் 178 வரை போகும் யூனிட்டில் 67 என்பது 33 சதவீதம். அதாவது டேங்கில் மூன்றில் ஒரு பங்காக, பதினாறு, பதினேழு லிட்டராகக் குறையும் வரை முள் 'எஃப்'பிலேயே நிற்கும். அதற்கப்புறம் மடமடவென இறங்கும். டேங்க் முழுக்கக் காலியானாலும் 12+3 = 15 ஓம் இருக்கும். 70ல் 15 என்பது 21 சதவீதம். முள் காலுக்குச் சற்றுக் கீழே நின்று பத்து லிட்டர் இருப்பதாகச் சொல்லும். இருப்பது வெறும் காற்று.

நண்பர் முதல் நாளே வாயால் சொன்ன அறிகுறி வரிக்கு வரி இதுதான். எந்தப் பாகமும் கெடவில்லை. இரண்டு நல்ல பாகங்கள் வேறுவேறு பாஷை பேசுகின்றன, நடுவில் ஒரு மோசமான எர்த்.

ரெசிஸ்டர் வைத்துச் சரிசெய்யலாமா?

எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் உடனே கேட்பது இது. யூனிட்டுக்கு இணையாக 120 ஓம் ஒன்றைப் போட்டால் 178 ஓம் 72 ஆகக் குறையும். ஃபுல் சரி. ஆனால் அரை டேங்கில் யூனிட் 95 ஓம். இணையாக 120 போட்டால் 53. முள் முக்காலைத் தாண்டி நிற்கும். காலியில் 12 ஓம் 11 ஆகத்தான் குறையும், இன்னமும் 16 சதவீதம் பொய். ஒரு ரெசிஸ்டரால் ஒரு முனையைத்தான் சரிசெய்ய முடியும். நமக்கு முக்கியமான முனை காலி. அதை இது தொடவே இல்லை.

யூனிட்டும் மீட்டரும் எதிரெதிர் திசை என்றால் ரெசிஸ்டர் பேச்சே வேண்டாம். 250–25 யூனிட்டை 0–70 மீட்டரில் மாட்டினால் ஃபுல் டேங்குக்கு முள் பாதிக்கும் கீழே நிற்கும். டேங்க் காலியாகக் காலியாக 'எஃப்'ஐ நோக்கிப் போகும். எந்த ரெசிஸ்டராலும் திசையைத் திருப்ப முடியாது.

அடுத்த வழி, ஒரு மைக்ரோகண்ட்ரோலர். யூனிட்டின் ஓமைப் படித்து, அட்டவணையில் லிட்டரைத் தேடி, அதற்கேற்ப மீட்டரை ஓட்டலாம். குலுங்கல்களைச் சராசரி எடுத்து அடக்கலாம். கோணல்மாணலான டேங்குக்கு இதுதான் சரியான வழி. என் தொழிலுக்கு நெருக்கமான வழியும்கூட. ஆனால் எர்த் மோசமாக இருக்கும்போது இதைப் போட்டால், தப்பான அளவைத் துல்லியமாகப் படிக்கும் ஒரு கருவிதான் கிடைக்கும். இந்த வண்டியின் டேங்க் கிட்டத்தட்ட நீள்சதுரப் பெட்டி. மென்பொருளுக்கு அவசியமே இல்லை.

ஆக, செய்தது மூன்று வேலை. டேங்க் யூனிட்டின் உடம்பிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர், இரண்டு முனையிலும் பெயின்ட் சுரண்டி, மாட்டிய பிறகு கிரீஸ் பூசி. அடுத்து, 0–70 வகை யூனிட், பழைய சாமான் கடையில் ஓம் அளந்து பார்த்து வாங்கியது. மூன்றாவது, கம்பி நீளம்.

கம்பி நீளக் கணக்கு

யூனிட்டின் கம்பி பொதுவாக மேலே 45 பாகை, கீழே 45 பாகை என்று வைத்துக்கொண்டால், மிதவை ஏறி இறங்கும் உயரம் கம்பி நீளத்தைப் போல் 1.41 மடங்கு. திருப்பிச் சொன்னால், கம்பி நீளம் = உயரம் × 0.7. புது டேங்கின் ஆழம் 22 செ.மீ. அடியில் 2 செ.மீ. ஒதுக்கிவிட்டு 20க்குக் கணக்கு போட்டால் 14 செ.மீ. கம்பி நீளமாக இருந்தால் மிதவை டேங்கின் கூரையிலும் தரையிலும் இடித்து நிற்கும், முள் இரண்டு பக்கமும் எல்லையைத் தொடாது. குட்டையாக இருந்தால் மேலேயும் கீழேயும் முள் அசையாமல் வெகுநேரம் நிற்கும்.

மிதவையையும் பார்த்துவிடுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை. பழைய வண்டிகளில் ஷெல்லாக் பூசிய கார்க் மிதவைகளும் உண்டு. ஷெல்லாக் எத்தனாலில் கரையும். எத்தனால் கலந்த பெட்ரோல் போடும் காலத்தில் அப்படி ஒரு மிதவை இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. மூழ்கிய மிதவை எப்போதும் காலி என்றே சொல்லும்.

டேங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிட அடர்த்தியாக இருக்கும். காலி செய்து திறந்து வைத்த டேங்க்தான் இந்த ஆபத்தான அளவுக்குள் வரும். ஆவி காற்றை விடக் கனம் என்பதால் பட்டறைப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். "காலி டேங்க்தானே" என்று வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது.

ஐந்தைந்து லிட்டராக

எல்லாம் மாட்டின பிறகு அளந்து பார்க்காமல் விடக்கூடாது. சமதரையில் வண்டியை நிறுத்தி (புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை), டேங்கை வடித்து, அளவு கேனில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தோம். 5 லிட்டரில் முள் சரியாக 'இ' கோட்டில். 15ல் காலுக்குச் சற்று மேல். 25ல் அரை. 40ல் முக்காலுக்குச் சற்று மேல். 45க்குப் பிறகு 'எஃப்'. நடுவில் ஓரிரு லிட்டர் வித்தியாசம் இருக்கிறது, ஏனென்றால் கம்பி வட்டத்தில் போகிறது, டீசல் செங்குத்தாக ஏறுகிறது. அதைச் சரிசெய்ய முயற்சிக்கவில்லை. அட்டவணையை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியாச்சு.

5 லிட்டர் இருக்கும்போதே 'இ' காட்டுவது தற்செயல் இல்லை. அடியில் ஒதுக்கிய அந்த 2 செ.மீ.தான் காரணம். மிதவை தரைக்கு 2 செ.மீ. மேலேயே தன் கீழ் எல்லையைத் தொட்டுவிடும். அதற்காகக் கம்பியைக் கொஞ்சம் வளைத்து மிதவையை மேலே தூக்கி வைத்தோம். கார் கம்பெனிகளும் இப்படித்தான் கொஞ்சம் கையிருப்பு விட்டு 'இ' கோட்டை வைக்கின்றன.

எந்த அளவுகருவியும் முழு உண்மை சொல்லாது. மிதவை ஆடும், எர்த் துருப்பிடிக்கும், கம்பி தேயும். பழைய வண்டியில் பொய்யே இல்லாத மீட்டர் வேண்டும் என்று அலைவதில் அர்த்தமில்லை. பொய் சொன்னால் குறைத்துச் சொல்லும் பக்கம் சொல்லட்டும் என்று அமைப்பதுதான் நம் வேலை. உங்கள் வண்டியிலும் முள் தகராறு செய்தால் மீட்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு டேங்க் ஓட்டி முடிக்கும் வரை எழுதி வையுங்கள்: எத்தனை கிலோமீட்டரில் முள் எங்கே நின்றது, எங்கே ஒட்டிக்கொண்டது, எங்கே விழுந்தது. அந்த அரைப்பக்கக் குறிப்போடு பட்டறைக்குப் போனால் மெக்கானிக்குக்கும் வேலை சுலபம், உங்கள் பணமும் மிச்சம்.